வாயில்லா ஜீவனுக்கும் ஒரு வாசல்

வீட்டை வாடகைக்கு விடுவோர், தம்மை நாடி வரும் பலருள் எவரைத் தெரிவு செய்வது, நாயோ பூனையோ மாடோ உடையவரை ஏற்பதா விலக்குவதா என்பதெல்லாம் அவரவர் சொந்த விவகாரம்; அதை நாட்டு நடப்பாகக் கொண்டு ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் எண்ணலாம். டிக்கோயாவில் வாழும் என்னால் அவ்வாறு எண்ண முடியவில்லை. ஒரு பொருள் ஏராளமாய்க் கிடைக்கும் போது அதைக் கொடுப்பவனின் விருப்பு வெறுப்பு அவனோடு நின்றுவிடும். அப்பொருள் அருகிப்போகுமானால், கொடுப்பவனின் விருப்பமே வாங்குபவனின் விதியாகிவிடும். மலையகத்தில் இன்று வீடு அப்படிப்பட்ட பொருளாகிவிட்டது.

2025 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த ‘டித்வா’ சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவர்களுட் பெருந்தொகையினர் கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை முதலிய மாவட்டங்களில் மண்சரிவில் மாண்டவர்கள். மலை சரிந்த இடங்களிற் குடியிருப்புகள் அழிந்தன. சரியாத இடங்களிலும் நிலம் வெடித்து, குடியிருக்கத் தகாதவை எனப் பல இடங்கள் ஒதுக்கப்பட்டன. வீடிழந்தோர் வாடகை வீடுகளில் தங்குவதற்கு மாதந்தோறும் உதவிப்பணம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. பணம் தருவதாக அறிவிக்க அரசாங்கத்தால் இயலும். ஆனால் வாசற்கதவைத் திறக்க வேண்டியவர் வீட்டுக்காரர் அல்லவா? அவர் கதவைத் திறக்குமுன் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “ஆடு மாடு, நாய் பூனை ஏதும் உண்டா?” என்பது. இந்தச் சிறு கேள்வியின் பின்னே நிற்கும் பெரிய வரலாற்றையும், அதற்கு நேர்மையாய் விடை காணும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு அருகிய ஊர்

ஹட்டனிலிருந்து நோர்வூட் செல்லும் பாதையில் சில கிலோமீற்றர் சென்றால் டிக்கோயா. பாதையின் இருமருங்கிலும் கடைகளும் வீடுகளும் ஒற்றைச் சரமாய்த் தொடுத்தாற்போல் நிற்கும். அவற்றின் முதுகுப்புறத்திலேயே தேயிலை தொடங்கிவிடும். ஊர் அகலமாய் விரிவதற்கு இடமில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்ட நிலம் அரசின் வசமாயிற்று. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குச் சென்றது. துரைமார் மாறினர், கம்பெனிப் பெயர்கள் மாறின, நகரத்தான் வீடு கட்டக் காணியும் தோட்டத்தான் குடியிருக்கச் சொந்த மண்ணும் அரியனவாகவே இருந்து வருகின்றன.

இந்தச் சிறு ஊரில் வாடகை வீடு தேடுவோர் பல திறத்தினர். வெளியூரிலிருந்து மாற்றம் பெற்று வரும் ஆசிரியர்கள் உளர். வங்கிகளிலும், இந்திய அரசின் உதவியாற் கட்டப்பெற்று 2017 மே 12 ஆம் திகதி திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் பணிபுரிவோர் உளர். பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வரும் குடும்பங்கள் உள. இவர்களோடு இப்போது மண்சரிவால் வீடிழந்தோரும் வந்து சேர்ந்துள்ளனர். ஓர் அறையும் குசினியும் காலியாகிறதென்றால் நாலைந்து பேர் வாசலில் நிற்கிறார்கள். ஆகவே தெரிவு என்பது தவிர்க்க முடியாதது. எவ்வாறு தெரிவு செய்வது என்பதே கேள்வி.

அனுமதி கேட்டு வாழ்ந்த இனம்

மலையகத் தமிழன் இரு நூற்றாண்டு காலமாகக் குடியிருப்பாளனாகவே இருந்தவன். வாடகை கொடாத குடியிருப்பாளன். ஆயினும் உரிமையற்ற குடியிருப்பாளன். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்த லயக் காம்பறா தோட்டத்துக்குச் சொந்தம்; அதன் கூரைத் தகரமும் வாசற் கல்லும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். லயத்தின் கோடியில் ஒரு மாட்டுக் கொட்டில் போடுவதற்கும், காய்கறிப் பாத்தி கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். மாடு தேயிலைக்குள் இறங்கினால் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கிடையிலும் அவர்கள் மாடு வளர்த்தார்கள். காரணம் எளிது. நாட்சம்பளம் பிரட்டுக்களத்தில் பெயர் விழுந்த நாளுக்கு மட்டுமே உண்டு. மாடோ மழை நாளிலும் பால் கறக்கும். சாணம் கீரைப் பாத்திக்கு எருவாகும். கன்று ஈன்றால் ஒரு கல்யாணச் செலவுக்கோ பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ உதவும். நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டதும், 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா ஆக்கப்படும் என அறிவிக்கப்பட்டதும் வாசகர் அறிந்தவை. அந்தச் சம்பளத்தோடு ஒரு மாட்டின் பாலையும் கூட்டினாற்றான் பல அடுப்புகள் எரிகின்றன. ஆகவே நகரத்தார் ‘செல்லப் பிராணி’ என்று சொல்லும் பொருளில் மாட்டை எண்ணிவிடலாகாது. அது குடும்பத்தின் இரண்டாவது சம்பளம்.

நாயின் கதை வேறு. அது சம்பளம் தருவதில்லை, காவல் தருகிறது. காட்டை ஒட்டிய லயங்களில் இரவில் பன்றியும் சிறுத்தையும் நடமாடும். நாய் குரைத்தால் மனிதன் விழிப்பான். மறுபுறம், அதே நாயைத் தேடிச் சிறுத்தை லயத்துக்கு வருவதும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சில நாட்களில் மாண்டதை நாடே பேசிற்று. மனிதன், வீட்டு விலங்கு, காட்டு விலங்கு ஆகிய மூவரும் நெருக்கியடித்து வாழும் மலை இது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று.

இன்னொரு நினைவும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனவும் 3,00,000 பேரை இங்கு ஏற்பதெனவும் கணக்கிட்டது. அக்கணக்கில் மனிதர்களே எண்களாயினர். அவர்கள் வளர்த்த ஜீவன்களுக்கு இடமேது? மாட்டை விற்றும், கோழியை அயலாருக்குக் கொடுத்தும் புறப்பட்டோர், நாயை மட்டும் எவரிடமும் ஒப்புவிக்க முடியாமல் தவித்ததை முதியோர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். வீடு மாறும்போது விலங்கை விட்டுச் செல்வது இம்மக்களுக்குப் புதிய துயரன்று.

வீட்டுக்காரரின் பக்கம்

நிற்க. வீட்டுக்காரரைக் கொடியவராகச் சித்திரித்து எளிதிற் கைதட்டல் பெறுவது என் கருத்தன்று. அவர் பக்கத்து நியாயங்களும் நிறுத்துப் பார்க்கத்தக்கவை.

டிக்கோயாவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே முற்றம், ஒரே கழிவுநீர்க் கான். மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் நீடிக்கும் ஊரில் நனைந்த நாயின் வாடை சுவரில் ஏறும், பலகைத் தளம் ஊறும், உண்ணி ஒட்டும். சாணம் கானில் இறங்கினால் கீழ்ப்புறத்து வீட்டின் ஊற்று கெடும். மேலும் வீட்டுக்காரர் எல்லோரும் செல்வரல்லர். ஓய்வூதியப் பணத்தில் மேல்மாடி எழுப்பி, அதன் வாடகையால் மருந்து வாங்குவோரும் உளர். ஒருமுறை கெட்ட தளத்தைச் செப்பனிட ஓராண்டு வாடகை போய்விடலாம்.

விசர்நாய்க்கடி பற்றிய அச்சமும் வெறுங்கற்பனையன்று. அந்நோயைத் தடுப்பதற்கென 1893 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது; 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பதிவில்லாத நாயும் ஊசியில்லாத நாயும் இன்றும் நம் தெருக்களில் உள்ளன. சின்னஞ்சிறு பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு எந்த நாய் வருகிறது என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அயலாருக்குத் தொல்லையாய் நடந்துகொள்வதைக் குடியிருப்பாளரை வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. இங்கு நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சட்டம் கண்டிப்பது தொல்லையான நடத்தையை. நாய் இருப்பது வேறு. நாய் தொல்லையாவது வேறு. முன்னது நிலைமை, பின்னது நடத்தை. நம் தெரிவுகளிற் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

மூன்று விண்ணப்பங்கள்

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வீட்டுக்கு மூவர் விண்ணப்பிக்கின்றனர். முதலாமவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர். சாதி நாய் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டாமவர் தனித்து வாழும் ஓர் ஆசிரியை, இரண்டு பூனைகள். மூன்றாமவர் வெடித்த மலையடிவாரத்து லயத்திலிருந்து இறங்கி வந்த தொழிலாளி. மனைவி, இரு பிள்ளைகள், ஒரு கறவை மாடு, ஊர் நாய் ஒன்று. மூவரும் ஒரே வாடகை தரச் சம்மதிக்கின்றனர்.

எவருக்கு வீடு கிடைக்கும்? இவ்வூர் வழக்கம் அறிந்தவர் தயங்காமல் சொல்வர்: முதலாமவருக்கே. அவருடைய நாயும் குரைக்கும். அதற்கும் உரோமம் உதிரும். ஆயினும் அதற்கு விலை உண்டு. விலையோடு மதிப்பும் வந்துவிடுகிறது. ஆசிரியையின் பூனைகளைக் குறித்துச் சற்றுத் தயங்குவர். ‘டீச்சர்’ என்பதால் ஏற்பர். தொழிலாளியிடம், “மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை” என்பர். அந்த விடையின் ஒரு பாதி நியாயமானது. நகர வீட்டின் முற்றத்தில் மாடு கட்ட இடமில்லை. மறு பாதியை நாம் நேர்நின்று பார்ப்பதில்லை. மாட்டை வேறெங்கேனும் கட்டிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னாலும் விடை மாறுவதில்லையே, ஏன்? அங்கே விலக்கப்படுவது மாடன்று. மாட்டோடு வந்த மனிதன். “தோட்டத்து ஆட்களுக்குக் கொடுப்பதில்லை” என்று வாய்விட்டுச் சொல்ல நாணுவோர், “விலங்கு வளர்ப்போருக்குக் கொடுப்பதில்லை” என்று நாணாமற் சொல்லலாம்.

இதிலே வேதனை யாதெனின், இவ்வாறு சொல்லும் வீட்டுக்காரருட் பலர் அதே லயங்களிலிருந்து ஏறி வந்தவர்களின் மக்களும் பேரரும் ஆவர். பாட்டன் கொட்டில் போடத் துரையிடம் அனுமதி கேட்டு நின்றான். பேரன் இன்று அனுமதி கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறான். கல்வியாலும் உழைப்பாலும் பெற்ற அந்த ஏற்றம் போற்றத்தக்கதே. அந்த நாற்காலியோடு பழைய துரையின் குரலும் சேர்ந்து வந்துவிடுமானால் அஃது ஏற்றமாகுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடு மறுக்கப்பட்டபின் அந்தத் தொழிலாளி என்ன செய்வார்? மாட்டை அவசரத்தில் விற்றால் பாதி விலையே கிடைக்கும். விற்காவிடின் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டு, விலக்கப்பட்ட அதே மலையடிவாரத்துக்குக் காலையும் மாலையும் பால் கறக்கவும் புல் போடவும் ஏறுவார். மழை பெய்தால் அங்கேயே தங்கவும் நேரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எத்தனை எச்சரிக்கை விடுத்தாலும், மாட்டுக் கொட்டில் இருக்கும் இடத்துக்கு மனிதன் போகத்தான் செய்வான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 2005 இல் அமெரிக்காவை ‘கத்ரீனா’ புயல் தாக்கியபோது, வளர்ப்பு விலங்குகளுக்குப் புகலிடம் மறுக்கப்பட்டதால் வீட்டை விட்டு வெளியேற மறுத்தோர் பலர். அதன் பாடமாக 2006 இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றி, மக்களை வெளியேற்றும் திட்டங்களில் அவர்களுடைய விலங்குகளையும் கணக்கிற் கொள்ள வேண்டுமென வகுத்தது. இரக்கத்தினால் மட்டும் அவ்வாறு செய்யவில்லை; விலங்கைக் காப்பாற்றாவிடின் மனிதனையும் காப்பாற்ற இயலாது என்று கண்டதனாற் செய்தது.

பிற நாட்டார் கண்ட வழி

வாடகை வீட்டில் விலங்கு என்னும் வழக்கைப் பிற நாட்டார் பலவாறு தீர்த்துள்ளனர். பிரான்ஸ் 1970 ஆம் ஆண்டிலேயே, வீட்டில் வளர்ப்பு விலங்கு வைத்திருப்பதைத் தடை செய்யும் வாடகை நிபந்தனை செல்லாது என்றது. அவ்விலங்கு சேதமோ தொல்லையோ விளைக்கலாகாது என்ற வரம்பையும் வைத்தது. ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 2013 இல், நாய் பூனைகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அச்சடித்த நிபந்தனை செல்லாதெனவும், இரு தரப்பினரின் நலனையும் அந்தந்த வழக்கில் நிறுத்துப் பார்க்க வேண்டுமெனவும் தீர்த்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 முதல், மறுக்க விரும்பும் வீட்டுக்காரர் தீர்ப்பாயத்தின் கட்டளையைப் பெற வேண்டும். இங்கிலாந்தில் 2025 ஒக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற குடியிருப்பாளர் உரிமைச் சட்டம், விலங்கு வளர்க்கக் குடியிருப்பாளர் எழுத்தில் அனுமதி கேட்கலாம் என்றும், தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது என்றும் விதித்தது.

நமக்கு அண்மையிலும் உதாரணங்கள் உள. இந்தியாவின் விலங்கு நல வாரியம் 2015 இல், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்தல் ஆகாது என அறிவுறுத்திற்று. 2021 இல் கேரள உயர் நீதிமன்றமும் அத்தகைய தடைகள் செல்லா என்றது. தமிழர் பெருந்தொகையாய் வாழும் சிங்கப்பூரில் அரச அடுக்குமாடி வீடுகளிற் பூனை வளர்ப்பது பல்லாண்டுகளாய்த் தடை செய்யப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கியது. ஆயினும் எண்ணிக்கைக்கு வரம்பும் உரிமப் பத்திரமும் உடன் வந்தன.

இவற்றிலெல்லாம் ஓடும் பொது இழை ஒன்றே. ‘முற்றாகக் கூடாது’ என்ற வாசகத்தை அவர்கள் ஏற்கவில்லை. ‘எதுவும் ஆகலாம்’ என்றும் விடவில்லை. காரணம் கேட்டார்கள், காரணத்தை நிறுத்தார்கள். இச்சட்டங்களை அப்படியே கொணர்ந்து டிக்கோயாவில் நாட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கெல்லாம் நாயும் பூனையுமே வழக்கு. இங்கே மாடும் வழக்கிலுண்டு. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. காரணம் கேட்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கினாற் போதும்.

நேர்மையான தெரிவு

என்னிடம் ஆலோசனை கேட்கும் வீட்டுக்கார நண்பர்களுக்கு நான் சொல்வன சில உண்டு. முதலாவது, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். உத்தியோகத்தரின் நாய்க்குக் கேட்காத ஊசிச் சீட்டைத் தொழிலாளியின் நாய்க்கு மட்டும் கேட்பது தெரிவாகாது, பாரபட்சமாகும். இரண்டாவது, விலங்கின் இனத்தைக் கேட்பதிலும் வளர்ப்பவரின் பழக்கத்தைக் கேளுங்கள். பகலில் அதனைப் பார்ப்பவர் யார்? இரவில் எங்கே கிடக்கும்? முன்பு இருந்த இடத்து அயலார் என்ன சொல்கின்றனர்? கட்டி வளர்க்கப்பட்டு, ஊசி போடப்பட்ட ஊர் நாயொன்று, தனியே பூட்டிவைக்கப்பட்டு நாள் முழுதும் ஊளையிடும் சாதி நாயிலும் நல்ல அயலான். மூன்றாவது, இணங்கியவற்றை எழுத்தில் இடுங்கள்: எத்தனை விலங்கு, துப்புரவு யார் பொறுப்பு, சேதமாயின் முற்பணத்திலிருந்து எவ்வளவு கழியும் என்பன. எழுதிய நிபந்தனை இரு தரப்பாரையும் காக்கும். நான்காவது, மறுப்பதாயின் உண்மைக் காரணத்தைச் சொல்லி மறுங்கள். “இடமில்லை” என்ற உண்மை ஒருவரைப் புண்படுத்தாது. பொய்க் காரணம் புண்படுத்தும்.

குடியிருப்பாளருக்கும் கடமை உண்டு. விலங்கை மறைத்து வீடு பெறுவது அடுத்து வருபவரின் வாசலையும் அடைப்பதாகும். நாயைப் பதிவு செய்து, அரசு இலவசமாகப் போடும் ஊசியைப் போட்டு, சீட்டைக் கையில் வைத்திருப்பவர் தம் வழக்கில் பாதியை வென்றவராவர்.

மாட்டின் வழக்கோ தனி மனிதரால் முற்றாகத் தீராது. நகரச் சிறு முற்றத்தில் மாடு கட்ட எந்த வீட்டுக்காரரையும் நாம் வற்புறுத்த இயலாது, வற்புறுத்துவது நீதியுமன்று. இங்கேதான் நகரசபையும் பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் முன்வர வேண்டும். ஆபத்தற்ற சமநிலத்தில், நீரூற்றுக்குக் கீழ்ப்புறமாக, பல குடும்பங்கள் சேர்ந்து மாடு கட்டும் பொதுக் கொட்டில்களை அமைத்தல் அரிய காரியமன்று. தொழிலாளியின் குடும்பம் வாடகை வீட்டிலும் அவர் மாடு பொதுக் கொட்டிலிலும் இருந்தால், வீட்டுக்காரரின் ஆட்சேபம் நீங்கும். மலையடிவாரத்துக்கு ஏறிச் செல்லும் ஆபத்தும் நீங்கும்.

புதிய வீடமைப்புத் திட்டங்களும் இதனைக் கருத வேண்டும். இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்று வகுக்கப்பட்டது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டையும் பாதையையும் மலசலகூடக் குழியையும் மண் அணையையும் கழித்துவிட்டுப் பார்த்தால், சரிவான நிலத்தில் மாட்டுக்கு எஞ்சும் இடம் எவ்வளவு? லயத்தைவிட அவ்வீடு நூறு மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடு கொடுத்து மாட்டைப் பறிப்பது ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்குவதாகும். இனி வரும் திட்டங்களின் வரைபடத்தில் பொதுக் கொட்டிலுக்கும் ஒரு கோடு கீறப்பட வேண்டும்.

நம் முன்னோர் இந்த வழக்கை அறியாதவரல்லர். பாரதக் கதையின் முடிவில், தம்பியரும் துணைவியும் வழியில் வீழ, எஞ்சிய தருமபுத்திரன் ஒரு நாயோடு சுவர்க்க வாசலை அடைகிறான். நாயை விட்டு வரலாம் என்கிறான் இந்திரன். நம்பி வந்ததைக் கைவிட்டுப் புகும் சுவர்க்கம் வேண்டாம் என்று நிற்கிறான் தருமன். நாம் அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் தருமனின் பெருமையையே பேசுகிறோம். வாசலில் நின்று நிபந்தனை விதித்தவனின் நிலையையும் ஒரு கணம் சிந்திக்கலாம். அவன் சோதிப்பதற்காகக் கேட்டான். தருமன் மறுத்ததும் வழி விட்டான். நம் ஊர் வாசல்களிற் கேட்கப்படும் கேள்வி சோதனையன்று. அதற்குத் தவறான விடை சொன்னவர்கள் மழையில் திரும்பிச் செல்கிறார்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிக்கும் பக்கம் இது. உங்கள் வகுப்பறைகளில், வெடித்த மலையடிவாரத்திலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கக் கூடும். வாடகைக்கு விடும் வீட்டுக்காரரின் பிள்ளைகளும் இருக்கக் கூடும். இரு திறத்தாரும் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். எந்தச் சட்டமும் புகாத இடத்தில் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கி வைக்க அந்த வாங்கே தக்க இடம். அடுத்த பருவமழைக்கு முன்னரே அது தொடங்குமாயின் நன்று.